பழைய பிரிட்ஜுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஹார்டுவேர் வேலைதான்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பிரிட்ஜுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. ஆனால் கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கத்தில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். கேபினெட்டின் பின்பக்க ஸ்குரூவைக் கழற்றப் போய், அதன் தலை பொடிப்பொடியாக உதிர்ந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. இருபது வருடங்களாக அக்கம்பக்கத்து வீடுகளின் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்த்து வருபவன் நான். வைரஸ் கெடுத்த கம்ப்யூட்டரை பார்மட் செய்து மீட்டு விடலாம். துரு கெடுத்த கம்ப்யூட்டருக்கு பார்மட் கிடையாது.

இந்தக் கட்டுரை என் அக்கா வீட்டுப் பழைய பிரிட்ஜைப் பற்றியது. அதை வைத்து உங்கள் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரு கருத்தைச் சொல்லப் போகிறேன். கடற்கரை ஊர்களில் பெயிண்ட் என்பது அழகு சமாச்சாரம் அல்ல. அதுவும் ஒரு பாகம். மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். போல அதற்கும் தரம் உண்டு, ஆயுள் உண்டு, தவறாகப் பொருத்தினால் ஆபத்தும் உண்டு. இதைக் கம்பெனிகளும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

அக்கா கடலூர் முதுநகரில் இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறார். வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ், மாவுக்கு ஒரு பிரிட்ஜ். மாவு பிரிட்ஜ் பழைய ஒற்றைக் கதவு மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததைப் பார்த்தது. 2015 வெள்ளத்தில் இரண்டு நாள் கால் நனைய நின்றது. 2021-ல் அதன் அடிப்பகுதித் தகடு அப்பளம் போல ஆகிவிட்டது. கீழ் கீல் பிடித்திருந்த இடம் துருவில் ஆடியதால் கதவு சரியாகச் சாத்தவில்லை. கம்ப்ரஸர் நன்றாக ஓடியது, கூலிங் குறையவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "பாடி போச்சு, எடைக்குப் போட்டுடுங்க" என்றார்.

எனக்கு இது பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் போனால் ஹார்டு டிஸ்க்கை மாற்றுகிறோம். பிரிட்ஜில் உயிர் பகுதி எல்லாம் நன்றாக இருக்க, தோல் போய்விட்டது என்பதற்காக மொத்தத்தையும் ஏன் தூக்கிப் போட வேண்டும்?

யோசனை கிடைத்த இடம் கொஞ்சம் வேடிக்கையானது. அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது பெரிய பொழுதுபோக்கு. ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியாக இருந்தபோது 1978-ல் கையெழுத்திட்ட சட்டத்தால் அங்கே அது மத்திய அரசு அளவில் அனுமதிக்கப்பட்டது. நம் ஊரில் அந்த ஆசையே வேண்டாம். 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது. வீட்டில் காய்ச்சினால் குற்றம். ஆனால் அந்த ஆட்கள் பழைய பிரிட்ஜை என்ன செய்கிறார்கள் என்பது நமக்கு உதவும். எடைக்குப் போகவேண்டிய பிரிட்ஜை வாங்கி, துருவைச் சுரண்டி, எபாக்சி பெயிண்ட் அடித்து, டிஜிட்டல் தெர்மோஸ்டாட் ஒன்றை இணைத்து, பீர் புளிக்கும் பெட்டியாக மாற்றிவிடுகிறார்கள். ஈஸ்ட்டுக்கு வெப்பநிலை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் இட்லி மாவுக்கும் அதே கதைதானே! சித்திரையில் மூன்று மணி நேரத்தில் பொங்கி வழிகிறது. மார்கழியில் விடிந்து பார்த்தாலும் அப்படியே கிடக்கிறது. மாவு விற்பவருக்கு இது காசு. புளித்துப்போன மாவை அன்றைக்கே கொட்ட வேண்டும்.

அந்த ஆட்கள் அதிகம் பயன்படுத்துவது எஸ்டிசி-1000 என்ற சீனத் தயாரிப்பு கன்ட்ரோலர். ஒரு சென்ஸார், இரண்டு ரிலே. ஒரு ரிலே குளிருக்கு, இன்னொன்று சூட்டுக்கு. அதன் மெனுவில் நான்கே செட்டிங்: எஃப்1-ல் வெப்பநிலை, எஃப்2-ல் எத்தனை டிகிரி விலகினால் வேலை செய்ய வேண்டும், எஃப்3-ல் கம்ப்ரஸர் நின்ற பிறகு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், எஃப்4-ல் சென்ஸார் திருத்தம். எஃப்3-ஐ மூன்று நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள். நின்ற கம்ப்ரஸரை உடனே கிளப்பினால், உள்ளே இருக்கும் அழுத்தத்தை எதிர்த்து அது திணறும். ஆர்வம் அதிகமானவர்கள் அர்டுயினோவை வைத்து இந்த கன்ட்ரோலரின் புரோகிராமையே அழித்து, நாளுக்கு நாள் வெப்பநிலை மாறும்படி புதிதாக எழுதியும் விட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. எஃப்1 29 டிகிரி, எஃப்2 1 டிகிரி. சூட்டுக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு, பிளாஸ்டிக்கில் படாதபடி ஒரு பழைய தகர டப்பாவுக்குள்.

எலெக்ட்ரானிக்ஸ் வேலை ஒரு மாலையில் முடிந்தது. பெயிண்ட் வேலைக்கு ஒரு வருடம் ஆனது. ஏனென்றால் முதலில் நான் அதைத் தப்பாகச் செய்தேன்.

2021 ஐப்பசியில், மழைக்கு இடையில் வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்புத்தாள் வாங்கித் தேய்த்தேன். துணியால் துடைத்தேன். ரெட் ஆக்சைடு ஒரு கை, அதன்மேல் ஸ்பிரே டப்பாவில் வெள்ளை எனாமல் இரண்டு கை. பளபள என்று இருந்தது. பொங்கலுக்குப் போனபோது தகடு முழுக்க கொப்புளம். விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர்! பெயிண்ட் கடைக்காரரைத் திட்டினேன். அவர் மேல் தப்பே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்திருப்பீர்கள், கல் உப்பு கசிந்து நிற்கும். சுத்தமான சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதம் ஈரப்பதமே போதும். கடலூரில் ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்கும் நாள் எத்தனை? ஆக, தகட்டின்மேல் உட்கார்ந்த கடல் உப்பு கிட்டத்தட்ட வருடம் முழுவதும் ஈரமாகவே இருக்கிறது. வெயிலில் காய்ந்தது போல நம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்த உப்பை நான் பெயிண்டுக்குள் வைத்து மூடிவிட்டேன். பெயிண்ட் படலம் தண்ணீரை முழுக்கத் தடுக்காது. ஆவியாக மெதுவாக உள்ளே விடும். உள்ளே இருக்கும் உப்பு அதை இழுக்கும். கொப்புளம் கிளம்பும், உள்ளே துரு தொடரும். உப்புத்தாள் துருவை எடுக்கும்; பெயரில்தான் உப்பு இருக்கிறதே தவிர, உப்பை அது எடுக்காது. தேய்த்துப் பரப்பிவிடும். உப்பை எடுக்க நல்ல தண்ணீர்தான் வேண்டும். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருக்களில் இதற்கும் கேன் தண்ணீர்தான். அக்கா, "குடிக்கிற தண்ணிய இரும்புக்கு ஊத்துறான் பாரு" என்று மாமாவிடம் சொன்னார்.

இரண்டாவது முறை 2022 சித்திரையில் ஆரம்பித்தேன். பெயிண்டுக்கு ஏற்ற மாதம் அதுதான். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், ஒரு நாள் வெயில். பிறகு கம்பி பிரஷ், 120 நம்பர் உப்புத்தாள். மறுபடி நல்ல தண்ணீர், மறுபடி வெயில். குழிகளில் உட்கார்ந்த துரு எப்படித் தேய்த்தாலும் போகவில்லை. அதற்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்ற திரவம் கிடைக்கிறது. சிலவற்றில் பாஸ்பாரிக் ஆசிட், சிலவற்றில் டானிக் ஆசிட். இந்த டானின் நமக்குப் புதியதல்ல, கடுக்காயில் இருப்பதுதான். கடுக்காய்ச் சாறில் ஊறிய துணியில் இரும்புக் கரைசல் பட்டால் கறுப்பாகும். கலம்காரித் துணிகளின் கறுப்பு அப்படித்தான் வருகிறது. துருவின்மேல் இந்தத் திரவத்தைத் தடவினால் அதே கறுப்பு. சிவப்புத் துரு, ஓரளவு அசையாத கறுப்புப் படலமாக மாறுகிறது.

அதன்மேல் எபாக்சி பிரைமர், அதற்கும் மேல் பி.யு. பெயிண்ட். ஏன் இரண்டு? எபாக்சி இரும்பைக் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்பு போல மாவு பூக்கும். பி.யு. வெயிலைத் தாங்கும். பி.யு. பெயிண்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது மூச்சில் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோய் விடும். கைக்குட்டை கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் அடிக்கிற வேலை இல்லை இது. நான் பிரைமர் வரை பிரஷ்ஷில் செய்துவிட்டு, கதவையும் பாடியையும் ஒரு குட்டியானையில் ஏற்றி கார் டிங்கர் பட்டறைக்கு அனுப்பினேன். பட்டறைக்காரர் சிரித்தார். ஆனால் வேலை சுத்தம்.

பட்டறைக்காரரிடம் கற்றுக்கொண்டது ஒன்று. தகட்டின் நடுவில் பெயிண்ட் எப்போதும் நிற்கும். மடிப்பு, விளிம்பு, ஸ்குரூ ஓட்டை, இங்கெல்லாம் ஈரப் பெயிண்ட் விளிம்பிலிருந்து விலகிப் போய் மெலிந்துவிடும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் விளிம்புகளுக்கு மட்டும் முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கை இழுத்துவிட்டு, பிறகு மொத்தமாக அடிக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டர் கேபினெட்டை இப்போதே திருப்பிப் பாருங்கள். துரு எங்கே இருக்கிறது? வெட்டு விளிம்பிலும் ஸ்குரூ ஓட்டையிலும்தானே?

அளவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ 12944 என்று ஒரு தரநிலை இருக்கிறது. இரும்புக்குப் பெயிண்ட் அடிப்பதற்கான உலக அளவிலான கையேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று இரும்பைத் தின்னும் வேகத்தை வைத்து அது இடங்களை சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேலே சிஎக்ஸ் என்றும் பிரிக்கிறது. சி4 என்றால் பெயிண்ட் இல்லாத இரும்பு முதல் வருடத்தில் 50 முதல் 80 மைக்ரான் தேயும். சி5 என்றால் 80 முதல் 200. சி5-ல் நெடுநாள் நிற்க வேண்டுமானால் பெயிண்ட் மொத்தம் 200 மைக்ரானுக்கு மேல் வேண்டும். வீட்டுச் சாமான்களின் பவுடர் கோட்டிங் சாதாரணமாக 60 முதல் 80 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன். பெங்களூரில் ஏசி அறையில் இருக்கும் பிரிட்ஜுக்கு அது தாராளம். தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த சமையலறைக்கு அது போதாது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே பிரிட்ஜ், ஒரே விலை, ஒரே வாரண்டி அட்டை.

இப்போது என் இரண்டாவது தப்புக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

பெயிண்ட் காய்ந்து, எல்லாம் பொருத்தி, கன்ட்ரோலரில் சிவப்பு எண் எரிவதைப் பார்த்துவிட்டுப் பெருமையோடு சிதம்பரம் திரும்பினேன். மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார். "ஏன்டா தம்பி, ஈரக் கையோட கீல் ஸ்குரூவத் தொட்டா சுள்ளுன்னு அடிக்குது. நீ என்ன பண்ணி வச்ச?"

பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன். தப்பு பத்து நிமிடத்தில் தெரிந்தது. பிரிட்ஜின் பின்பக்கம் அடியில், பச்சை வயர் வந்து பாடியில் சேரும் ஒரு ஸ்குரூ இருக்கும். எர்த் ஸ்குரூ. முன்பு அது வெறும் இரும்பில் உட்கார்ந்திருந்தது. நான் அந்த இடத்துக்கும் எபாக்சி அடித்துவிட்டு, அதன்மேல் வயரை வைத்து ஸ்குரூவை முறுக்கியிருந்தேன். ஸ்குரூ மரையிலும் பெயிண்ட். எபாக்சி நல்ல இன்சுலேட்டர். அதாவது, துருவைத் தடுக்க நான் அடித்த பெயிண்ட் எர்த்தையும் தடுத்துவிட்டது. பழைய கம்ப்ரஸரில் இருந்த லேசான கசிவு இத்தனை வருடமும் சத்தமில்லாமல் எர்த் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது அக்காவின் கை வழியாகப் போனது. மாவு அரைக்கிற வீடு, தரை எப்போதும் ஈரம். பெரிதாக ஏதாவது நடந்திருந்தால்? அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

அந்த இடத்தை வெள்ளையாகச் சுரண்டி, பல் உள்ள வாஷர் போட்டு, வயரை வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினேன். இறுக்கும் முன் தடவக்கூடாது. பிறகு மல்டிமீட்டரில் பிளக்கின் பெரிய பின்னுக்கும் கீல் ஸ்குரூவுக்கும் இடையில் பார்த்தேன். 1 ஓமுக்குக் கீழ் காட்டியது. அதுதான் வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடச் செய்தேன். வீட்டுக்கு வெளியே மண்ணில் புதைத்த எர்த் பைப் எப்படி இருக்கிறது என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்தோம். உப்பு மண்ணில் அதன் கிளாம்ப் கரைந்து, வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன், உங்கள் வீட்டிலும் பாருங்கள்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதை அடுத்த வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். கேபினெட்டைத் தொட்டால் சுர்ர் என்று ஒரு கூச்சம், பலருக்கும் தெரிந்ததுதான். எஸ்.எம்.பி.எஸ்.-க்குள் மின் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு இரண்டு சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டில் சுமார் 115 வோல்ட், அதாவது 230-ல் பாதி, நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் யு.எஸ்.பி. போர்ட்டையும் பிரிண்டரையும் கொல்லும். கேபினெட்டுக்குக் கலர் மாற்றுகிறேன் என்று ஸ்பிரே டப்பாவோடு இறங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: வெளியே எந்தக் கலர் வேண்டுமானாலும் அடியுங்கள். எஸ்.எம்.பி.எஸ். உட்காரும் இடம், மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள், பக்கவாட்டுக் கதவு தொடும் விளிம்பு, இவற்றில் மட்டும் பெயிண்ட் படக்கூடாது.

பிரிட்ஜிலும் பெயிண்ட் படக்கூடாத இடங்கள் உண்டு. உட்புற வெள்ளைப் பிளாஸ்டிக்கைத் தின்னர் கரைத்துவிடும். பின்பக்கக் கம்பிக் கூட்டில் தடிமனாக அடித்தால் சூடு வெளியேறாது. அங்கே லேசாக ஒரு கை போதும். எந்தக் காரணத்துக்காகவும் பக்கச் சுவரில் டிரில் போடாதீர்கள். பல மாடல்களில் கேஸ் குழாய் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்து ஓடுகிறது. புது பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற கேஸ். அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் உறவுக்காரன், தீப்பிடிக்கும். சென்ஸார் வயரை நான் கதவு ரப்பருக்கு இடையில்தான் விட்டிருக்கிறேன். பார்க்க அழகாக இல்லை, பரவாயில்லை.

சிலர் கேட்பார்கள்: அப்படியானால் மதர்போர்டுக்கும் ஏதாவது பூசலாமே? பூசலாம். கன்ஃபார்மல் கோட்டிங் என்று பெயர். அக்ரிலிக், சிலிக்கான் என்று பல வகை, ஸ்பிரே டப்பாவிலும் கிடைக்கிறது. வெளியில் நிற்கும் ஏசி யூனிட்டின் போர்டு, இன்வெர்ட்டர் பிரிட்ஜின் போர்டு, வாஷிங் மெஷின் போர்டு, இவற்றுக்கு அது கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் மதர்போர்டில் நீங்களே அடிக்காதீர்கள். ராம் ஸ்லாட்டிலோ பிராசஸர் சாக்கெட்டிலோ ஒரு துளி இறங்கினால் காண்டாக்ட் போயிற்று. வாரண்டியும் போயிற்று. கம்ப்யூட்டருக்கு இதைவிட மலிவான வைத்தியம் இருக்கிறது. கிழக்கு ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். மாதக்கணக்கில் மூடிவைக்காமல் தினமும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். உள்ளே சூடு ஏறினால் ஈரப்பதம் குறையும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதை விடுங்கள், அது ஈரத்தைத்தான் காப்பாற்றுகிறது.

கடலூரில் உப்பு மட்டும்தான் பிரச்னை என்றும் சொல்ல முடியாது. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்கள் அழுகிய முட்டை நாற்றம் பற்றிப் பல வருடங்கள் புகார் சொல்லி வந்தார்கள். 2004-ல் அவர்களே பக்கெட் கருவியில் காற்று மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அந்த நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்கள் மனிதர்களுக்குச் செய்யும் கெடுதல்தான் முதல் கவலை. அதே வாயு வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும். மதர்போர்டில் இருக்கும் வெள்ளியையும் செம்பையும் அதேபோலக் கறுக்க வைக்கும். 2006 ஜூலை முதல் ஐரோப்பாவில் ஈயத்துக்குத் தடை வந்தது. அதன்பின் பல போர்டுகளில் ஈயப் பூச்சுக்குப் பதில் மெல்லிய வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகக் காற்று உள்ள இடங்களில் அவை அரித்து, ஒரு தடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்குப் பரவி ஷார்ட் ஆயின. பெரிய டேட்டா சென்டர்களில் இதற்கென்றே ஒரு சிறு வெள்ளித் தகட்டையும் செம்புத் தகட்டையும் மாட்டி வைத்து, மாதத்துக்கு எவ்வளவு அரிக்கிறது என்று அளக்கிறார்கள். வெள்ளிக்கு 200 ஆங்ஸ்ட்ராம், செம்புக்கு 300 ஆங்ஸ்ட்ராம், அதற்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் நமக்கு அந்த வசதி இல்லை. பூஜை அறை வெள்ளிக் குங்குமச் சிமிழ் எத்தனை நாளில் கறுக்கிறது என்று பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

என் கோபம் இங்கேதான். இந்த அறிவு எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது என்றால் மன்னிக்கலாம். காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது; அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய அரசு ஆய்வகம். உலோக அரிப்பு அவர்களுடைய முக்கியமான பாடம். மண்டபத்தில் கடலோரச் சோதனை நிலையம் வைத்திருக்கிறார்கள். எந்த ஊர்க் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று இந்தியாவுக்கே அரிப்பு வரைபடம் போட்டிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்சேன் பெயிண்டும் பயன்படுத்தினார்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தை உப்புக் காற்று என்ன பாடு படுத்தியது என்று ரயில்வேக்குத் தெரியும். பாலத்துக்குத் தெரிந்தது பிரிட்ஜுக்கு ஏன் தெரியக்கூடாது?

தொழிற்சாலைகளில் உப்புப் பனிச் சோதனை என்று ஒன்று உண்டு. 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புத் தண்ணீரைப் பனி போலத் தெளித்து, தகடு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த மணிக்கணக்கு அப்படியே வருடக்கணக்கு ஆகாது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு மாடலை ஒப்பிட ஏதோ ஒன்று வேண்டுமே! கரண்ட் செலவுக்கு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். லிட்டர் கணக்கு போடுகிறார்கள். வைஃபை இருக்கிறது, மொபைலில் இருந்தே கூலிங்கை மாற்றலாம் என்கிறார்கள். அடித்தகட்டில் எத்தனை மைக்ரான் பூச்சு, உள்ளே போர்டுக்குக் கோட்டிங் உண்டா என்ற இரண்டு வரிகளை எந்த அட்டைப்பெட்டியிலும் நான் இதுவரை பார்த்ததில்லை. வாரண்டி அட்டையில் மட்டும் துருவுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டதைப் பார்த்திருக்கிறேன். கடைக்குப் போகும்போது இந்த இரண்டு கேள்வியையும் கேளுங்கள். விற்பனைப் பையனுக்குத் தெரியாது. தெரியாது என்றே சொல்லட்டும், பத்து பேர் கேட்டால் மேலே போய்ச் சேரும்.

"இவ்வளவு பாடுபட்டுப் பழைய பிரிட்ஜைக் காப்பாற்றுவதைவிட, புதிது கரண்ட் மிச்சம் பிடிக்குமே" என்று ஒருவர் சொல்லலாம். அதில் நியாயம் இருக்கிறது. கேஸ் கசிந்தாலோ, கம்ப்ரஸர் போயிருந்தாலோ, உள்சுவர் தகடு வரை துரு தின்றிருந்தாலோ நானே எடைக்குப் போடத்தான் சொல்வேன். 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளில் பிரிட்ஜும் சேர்த்தி. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போக வேண்டும், சுத்தியலால் உடைத்து கேஸைக் காற்றில் விடுபவரிடம் அல்ல. ஆனால் ஓடுகிற பிரிட்ஜைத் தோலுக்காகத் தூக்கி எறிவது வேறு. எனக்கு எல்லாம் சேர்த்து, கன்ட்ரோலர், பட்டறைக் கூலி, முதல் தடவை வீணடித்த பெயிண்ட் உட்பட, புது பிரிட்ஜ் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அக்காவுக்கு மாவு வீணாவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. மார்கழியிலும் காலை ஐந்து மணிக்கு மாவு பொங்கித் தயாராக இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, தெருத் தண்ணீர் வீட்டுப் படி ஏறி பிரிட்ஜ் ஸ்டாண்டின் கால் வரை வந்தது. தண்ணீர் வடிந்ததும் மாமா முதலில் செய்த வேலை, ஒரு கேன் நல்ல தண்ணீரை அடித்தகட்டில் ஊற்றிக் கழுவியது. அடுத்த மாதம் நான் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் கீல் ஸ்குரூவைச் சுற்றி மட்டும் ஒரு மிளகு அளவு துரு. கதவைச் சாத்தும் போதெல்லாம் அங்கே உரசிப் பெயிண்ட் போயிருக்கிறது. அந்த இடத்தைச் சுரண்டி, கழுவி, எபாக்சி ஒரு பொட்டு வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மல்டிமீட்டரை எடுத்து எர்த்தை மறுபடி பார்த்தேன். 0.4 ஓம். அக்கா எனக்கு ஒரு பாக்கெட் மாவு கொடுத்து அனுப்பினார். வாஷிங் மெஷினின் கால் பக்கமும் கொஞ்சம் செதில் கிளம்புகிறதாம். சித்திரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.